கிண்டியின் முதல் மாணவி

1940ஆம் ஆண்டு வரை சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பெண்கள் எவரும் பயின்றதில்லை. அவ்வாண்டு, இருபது வயதைக் கடந்த இளம்பெண் ஒருவர் மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். பிற்காலத்தில் இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட ஏ. லலிதாவே அவர்.

லலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் சென்னையில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். அக்கால வழக்கப்படி பதினைந்தாம் வயதில் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. பதினெட்டாம் வயதிலேயே கணவரை இழந்தார். அப்போது அவருடைய பெண்குழந்தைக்கு நான்கு திங்களே ஆகியிருந்தன. கணவரை இழந்த பெண்கள் வீட்டினுள் ஒதுங்கி வாழ வேண்டும் என்று சமுதாயம் எதிர்பார்த்த காலம் அது. லலிதாவோ தம் காலில் தாமே நிற்க விரும்பினார். இராணி மேரி கல்லூரியில் சேர்ந்து, இன்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

அக்காலத்தில் படித்த பெண்கள் சிலர் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தனர். ஆயினும், இரவு பகல் பாராது உழைக்க வேண்டிய அத்தொழில் குழந்தையிடமிருந்து தம்மைப் பிரித்துவிடும் என்று லலிதா கருதினார். குறித்த நேரத்தில் வீடு திரும்பக்கூடிய பணியையே நாடினார். அவர் தந்தையார் பப்பு சுப்பா ராவ் கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளின் விருப்பத்தை அறிந்த அவர், கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமிடமும் பேசினார். இருவரும் இசைவு அளித்தனர்.

இடம் கிடைத்துவிட்டது, அங்குப் பழகுவதே அடுத்த சோதனை. நூற்றுக்கணக்கான ஆண்களிடையே அவர் ஒருவரே பெண். தங்குவதற்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. உடன்பயின்ற மாணவர்கள் கண்ணியமாகவே நடந்துகொண்டனர். ஆயினும், வகுப்பு முடிந்தபின் மனம்விட்டுப் பேசத் தோழியர் எவரும் இல்லை. குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் மகளைக் காணச் செல்வதே லலிதாவின் ஆறுதலாயிற்று.

மகளின் தனிமையைத் தந்தையார் உணர்ந்தார். பெண்களும் கல்லூரியில் சேரலாம் என்னும் செய்தியைப் பரப்ப முயன்றார். அதன் பயனாக லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் வகுப்பில் சேர்ந்தனர். மூவரானதும் விடுதி வாழ்க்கை எளிதாயிற்று.

படிப்பு முடிந்து பட்டம் பெறும் வேளையில் மற்றொரு சிக்கல் எழுந்தது. பட்டச் சான்றிதழ்கள் ஆண்பால் சொற்களுடனேயே அச்சிடப்பட்டிருந்தன. அச்சொற்களை மையால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொற்களைக் கையால் எழுதிக் கொடுத்தனர். ஒரு மாணவியின் வருகையால் கல்லூரியின் சான்றிதழும் மாற வேண்டியதாயிற்று.

ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார், சிம்லாவிலும் பணியாற்றினார். 1948இல் கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்பணிகளிலும் அவர் பங்காற்றினார். 1964இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார். பணியிடையே மகளையும் நன்கு வளர்த்துக் கல்வி அளித்தார். 1979இல் லலிதா மறைந்தார்.

இன்று பொறியியல் கல்லூரிகளில் மாணவியர் பெருந்திரளாகப் பயில்கின்றனர். அவர்களுக்கு முன், ஒருவராகத் தனித்து நின்று அவ்விடத்தைப் பழகிக்கொண்டவர் லலிதா.

சிந்தித்து விடை எழுதுக

1. லலிதா மருத்துவத்தை விடுத்துப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
2. லலிதாவின் தனிமை எவ்வாறு நீங்கியது?
3. உங்கள் வகுப்பில் புதிதாகச் சேரும் ஒருவர் தனிமையை உணராதிருக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.