கோழிப்பண்ணையிலிருந்து திரும்பிய டிராம்போன்

பெருமந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது மூடப்பட்ட வங்கிகளையும் ஆலைகளையும் கணக்கிடுகிறோம். வேலையிழந்த இசைக்கலைஞர்கள் அக்கணக்கில் அரிதாகவே இடம்பெறுகிறார்கள். அவர்களுள் ஒருவர் கிட் ஓரி.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கரும்புத் தோட்டமொன்றில் 1886ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸில் அவர் நடத்திய ஜாஸ் குழுவில் கார்னெட் வாசித்தவர் கிங் ஆலிவர். ஆலிவர் சிகாகோவுக்குச் சென்றபின் அந்த இடத்துக்கு வந்த இளைஞர்தான் லூயி ஆம்ஸ்ட்ராங். ஓரியின் கருவி டிராம்போன். விளம்பரத்துக்காக வண்டியேறித் தெருத்தெருவாக வாசித்துச் செல்லும் குழுக்களில், அதன் நீண்ட குழலை இழுத்துத் தள்ள இடம் வேண்டுமென்பதால், டிராம்போன்காரர் வண்டியின் பின்பலகையருகே அமர்வார். அதனால் அந்த வாசிப்பு முறைக்கே 'டெயில்கேட்' என்று பெயர். ஓரி அதன் தலைமகன்.

1930களில் மந்தமும் ரசனை மாற்றமும் சேர்ந்து அவரை வெளியேற்றின. கலிபோர்னியாவில் தம் சகோதரருடன் கோழிப்பண்ணை நடத்தினார்.

பயன்படாத திறன் தேய்ந்துவிடும் என்பது என் துறையான பொருளாதாரத்தில் பரவலான கருத்து. வேலையற்றிருக்கும் காலம் நீள நீளத் தொழிலாளியின் மதிப்புக் குறைவதாக நாங்கள் வகுப்பில் கற்பித்தோம். ஓரியின் 1944ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கேட்கும்போது அக்கருத்து எனக்குப் பாதி உண்மையாகவே தோன்றுகிறது. சந்தை மதிப்புத் தேய்ந்திருந்தது, மெய்தான், திறன் தேயவில்லை.

அவ்வாண்டு ஆர்சன் வெல்ஸின் வானொலி நிகழ்ச்சிக்காக ஒரு குழு திரட்டப்பட்டது. ஏப்ரலில், நிகழ்ச்சி நாளன்றே அதன் கிளாரினெட் கலைஞர் ஜிம்மி நூன் இறந்துபோனார். அவருக்காக அன்றிரவு ஒரு 'புளூஸ்' வாசித்தார்கள். துருக்கித் தூதரின் மகனான நெசுகி எர்டேகுன், இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே கிரெசன்ட் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆகஸ்டில் ஓரி தலைமையில் 7 பேர் வாசித்தார்கள். நூனுக்கான அந்த அஞ்சலியும் தட்டில் ஏறியது. ஓரிக்கு அப்போது வயது 57. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் மேலே பின்னிச் செல்ல, அடியில் டிராம்போன் இழுத்து இழுத்துத் தாங்குகிறது. வித்தை காட்டும் அவசரம் எங்கும் இல்லை.

அதன்பின் ஓரிக்கு மேடைகளும் ஐரோப்பியப் பயணங்களும் வாய்த்தன. 1973இல் ஹவாயில், 86 வயதில் காலமானார். கிங் ஆலிவருக்கு அது வாய்க்கவில்லை. பில்லியர்ட்ஸ் கூடமொன்றில் துப்புரவு வேலை பார்க்கும் நிலைக்கு வந்த அவர், 1938இல் சவானா நகரில் வறுமையில் இறந்தார். கிரெசன்ட் நிறுவனம் பிறக்க அப்போது இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன.