கஸ்தெல்லானி கண்ட சுருள் கிருமி

பாலைத் தயிராக்கும் பற்றீரியாவும் உண்டு. பிள்ளைகளின் தோலிலே புண்ணாய்த் தொடங்கி எலும்புவரை அரிக்கும் பற்றீரியாவும் உண்டு. இரண்டாவது வகையொன்றைக் கொழும்பிலே கண்டுபிடித்தவர் அல்டோ கஸ்தெல்லானி.

1874இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்த இம்மருத்துவர், 1903இல் கொழும்பு பற்றீரியா ஆய்வு நிலையத்துக்குப் பொறுப்பாக வந்தார். அந்நாளில் நம் கிராமங்களில் பறங்கிப்புண் மலிந்திருந்தது. 1905இல் அப்புண்ணின் கசிவை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மிக மெல்லிய சுருள் வடிவான பற்றீரியா தென்பட்டது. அதே ஆண்டு ஜெர்மனியில் மேகநோய்க்குக் கண்டறியப்பட்ட கிருமியும் அச்சொட்டாக இப்படித்தான் இருந்தது! இரண்டும் ஒரே நோயென்று பலர் எண்ணினர். கஸ்தெல்லானி விடவில்லை, குரங்குகளில் சோதித்து, இது வேறு நோயென நிறுவ முயன்றார். புண்ணுள்ள பிள்ளையோடு தோல் பட்டாலே தொற்றுவது இது. ஏழைப் பெற்றோரின் மானத்தை இந்த ஆய்வு காத்ததென்றே நான் கருதுகிறேன்.

நெருப்புக்காய்ச்சலுக்கும் அதன் இனக் காய்ச்சல்களுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி போடும் முறையையும் இங்கேதான் முயன்றார். 1915இல் நாடு திரும்பினார். பின்னாளில் முசோலினியின் பக்கம் நின்றதை என்னால் மெச்ச முடியவில்லை. ஒரே பென்சிலின் ஊசியில் பறங்கிப்புண் ஆறும் காலத்தையும் கண்டபின், 1971இல் லிஸ்பனில் காலமானார்.