வாயில்லாச் சீவன்களின் வழக்குரைஞர்

உயிர்களிடத்து இரக்கம் கொள்ள வேண்டும் என்பதை நாம் இளமை முதலே கேட்டு வளர்ந்தவர்கள். ஆயினும் அவ்விரக்கத்தை நாட்டின் சட்டமாக்கி, நீதிமன்றத்தில் நின்று நிலைநாட்டியோர் மிகச் சிலரே. அவர்களுள் முன்னோடியாகிய ரிச்சர்டு மார்ட்டினின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

அயர்லாந்தின் கால்வே பகுதியைச் சேர்ந்த பெருநிலக்கிழார் குடும்பத்தில் 1754ஆம் ஆண்டு தோன்றிய மார்ட்டின், இங்கிலாந்தில் கல்வி கற்று, 1781இல் வழக்குரைஞரானார். இளமையில் அவர் முன்கோபி. துப்பாக்கியேந்தி ஒருவரோடொருவர் பொருதும் போட்டிகளில் பெயர் பெற்றவர். அத்தகையவர் நெஞ்சில் ஊமை உயிர்களுக்காக ஈரம் சுரந்ததே வியப்பு.

அக்காலத்து இங்கிலாந்தில் விலங்கு என்பது உடைமைப் பொருளே. தன் குதிரையைத் தான் எவ்வளவு வதைத்தாலும் கேட்பாரில்லை. சட்ட வல்லுநர் எர்ஸ்கின் பிரபு 1809இல் கொணர்ந்த மசோதா மேலவையில் நிறைவேறியும் கீழவையில் தோற்றது. நாடாளுமன்ற உறுப்பினரான மார்ட்டின் 1821இல் மீண்டும் முயன்றார். கழுதைக்கும் காப்பா என்று அவையினர் எள்ளி நகைத்தனர். அவர் தளரவில்லை. 1822 ஜூலை 22 அன்று சட்டம் பிறந்தது. குதிரை, கழுதை, மாடு, ஆடு முதலியவற்றைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 5 பவுன் வரை அபராதம். செலுத்தத் தவறினால் சிறை.

ஏட்டில் எழுதிய சட்டம் தானே நடவாது என்பதை அவர் அறிந்திருந்தார். லண்டன் தெருக்களிலும் சுமித்ஃபீல்டு கால்நடைச் சந்தையிலும் தாமே சுற்றி, குற்றம் புரிந்தோரை நீதிமன்றத்தில் நிறுத்தினார். அடியுண்ட கழுதையையே சாட்சியாகக் கொண்டுவரச் செய்தார் என்றும் கூறுவர். குற்றவாளி வறியவனாயின் அபராதத்தில் ஒரு பகுதியைத் தாமே செலுத்துவாராம். அவர் வெறுத்தது கொடுமையையே, ஏழையை அன்று.

1824 ஜூன் 16 அன்று, ஆர்தர் புரூம் என்னும் பாதிரியார் கூட்டிய கூட்டத்தில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் உருவாயிற்று. அதில் மார்ட்டினும் பங்கு கொண்டார். பின்னர்ப் பதவி இழந்து, கடன் தொல்லையால் பிரான்சின் புலோன் நகரில் அடைக்கலம் புகுந்தார். அங்கேயே 1834 ஜனவரி 6 அன்று காலமானார். காளை, நாய் முதலியவற்றுக்கும் காப்பளித்த சட்டம் மறு ஆண்டே, 1835இல் வந்தது. அதைக் காண அவர் இல்லை.

மார்ட்டினின் சட்டம் கொலையைத் தடுக்கவில்லை. வதையை மட்டுமே தடுத்தது. கொல்லாமையைப் போற்றும் நமக்கு அது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் இலையில் புலால் இல்லாதிருப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? தெருவில் பாரவண்டி மாடு அடிபடுகையில் முகம் திருப்பிச் செல்கிறோமா, நின்று கேட்கிறோமா? பேச இயலாத உயிர்க்காகப் பேசுவதும் அறமே. அதனை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக.