ஆன்லைன் கேட்லாக்குக்கு வழிகாட்டிய கணக்கு வாத்தியார்!

நூலக வெப்சைட்டில் துறை, மொழி, ஆண்டு என ஃபில்டர் போட்டுத் தேடுகிறோமே, அந்த யோசனைக்கு வேர் போட்டவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர்.

கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சில நாளிலேயே போரடிச்சிடுச்சு. பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார். லண்டனில் படித்து வந்தும் பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம் என முடிவானது. போன இடத்தில் மனசே மாறிப்போச்சு.

அங்கே ஒரு கடையில் மெக்கானோ செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் வேறு வேறு பொம்மைகள். புத்தகத்தின் பொருளையும் இப்படிக் கூறுகளாகப் பிரித்துக் கோக்கலாமே! 1933-ல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. இன்றைய ஃபில்டர்களும் இதே கூறுகள்தான்.

1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. 1972-ல் மறைந்தார். நூலக வெப்சைட் எவ்வளவு புதுசானாலும் கேள்வி இதுதான்: தேடி வந்தவருக்கு நேரம் மிச்சமாச்சா?