கேரி கில்டால்: ஒரே ஓ.எஸ். எல்லா போர்டிலும் ஓட வழிகாட்டியவரின் கதை

ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு குட்டி கம்ப்யூட்டர் வாங்கினா முதல் வேலை என்ன? மெமரி கார்டில் லினக்ஸ் இமேஜை எழுதி, போர்டில் செருகி, பவர் கொடுப்பது. சில நொடிகளில் பூட் ஆகிவிடும். வேறு நிறுவனத்தின் போர்டிலும் அதே லினக்ஸ்தான் ஓடும். எப்படி? போர்டுக்குப் போர்டு மாறுகிற பகுதியையும் மாறாத பகுதியையும் தனித்தனியாக வைத்திருப்பதால்தான். சின்ன கம்ப்யூட்டர்களில் இந்த யோசனையை வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் கேரி கில்டால்.

யார் இவர்?

1942-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தார். அவரது குடும்பம் மாலுமிகளுக்கான பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தது. கணித ஆசிரியராகும் ஆசையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டது. 1972-ல் முனைவர் பட்டம் பெற்றார். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

1971-ல் வெளியான இன்டெல் 4004 சிப்பை, கருவிகளுக்குள் வைக்கும் சின்ன உறுப்பாகத்தான் பலரும் பார்த்தார்கள். கில்டால் அதில் ஒரு முழு கம்ப்யூட்டரையே பார்த்தார். இன்டெலுக்கு ஆலோசகராகி, அதன் சிப்களுக்காக பி.எல்/எம் என்ற புரோகிராமிங் மொழியை உருவாக்கினார்.

சிபி/எம் பிறந்தது எப்படி?

1974-ல் அவரிடம் 8 அங்குல ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று இருந்தது. அதை கம்ப்யூட்டருடன் இணைக்கும் கன்ட்ரோலரை நண்பர் ஜான் டோரோட் செய்து கொடுத்தார். டிஸ்கில் ஃபைல்களை எழுதவும் படிக்கவும் கில்டால் எழுதிய மென்பொருள்தான் சிபி/எம். இன்டெல் அதில் ஆர்வம் காட்டவில்லை. அதனால் மனைவி டோரத்தியுடன் சேர்ந்து சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் டிஜிட்டல் ரிசர்ச் ஆனது.

பயாஸ் என்ன செய்தது?

அப்போது ஒவ்வொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி. இம்சாய் நிறுவனம் தங்கள் கம்ப்யூட்டருக்கும் சிபி/எம் வேண்டும் என்று கேட்டது. ஒவ்வொருத்தருக்கும் புதுசா எழுதிக்கொண்டிருக்க முடியுமா? கில்டால் ஓ.எஸ்-ஐப் பிரித்தார். கீபோர்டு, திரை, டிஸ்க் ஆகியவற்றுடன் நேரடியாகப் பேசும் சின்னப் பகுதிக்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். புது கம்ப்யூட்டர் வந்தால் அதை மட்டும் மாற்றி எழுதினால் போதும். மீதி அப்படியே ஓடும்.

இன்றைய லினக்ஸ் போர்டுகளில் டிவைஸ் ட்ரீ என்ற தனி ஃபைல் இருக்கும். போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்வது அதுதான். தொழில்நுட்பம் வேறு, அடிப்படை யோசனை அதே.

ஐபிஎம் வாய்ப்பு என்ன ஆனது?

1980-ல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ். தேடி கில்டாலின் நிறுவனத்துக்கு வந்தது. அவர் ஜாலியாக விமானம் ஓட்டப் போனதால் வாய்ப்பைக் கோட்டைவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் அவர் தன் விமானத்தில் போனது வாடிக்கையாளர் ஒருவரைச் சந்திக்க. ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட டோரத்தி தயங்கினார். பேச்சு இழுபறியானது.

மைக்ரோசாஃப்ட் வேறொரு நிறுவனத்திடமிருந்து, சிபி/எம் பாணியில் எழுதப்பட்ட ஓ.எஸ். ஒன்றை வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. கில்டால் எதிர்ப்புத் தெரிவித்ததும், சிபி/எம்-86-ஐயும் விற்க ஐபிஎம் சம்மதித்தது. ஆனா விலை? மைக்ரோசாஃப்டுடையது 40 டாலர், கில்டாலுடையது 240 டாலர். வாங்குகிறவர்கள் எதை எடுப்பார்கள்? ஆட்டம் அங்கேயே முடிந்தது.

பிறகு?

1991-ல் டிஜிட்டல் ரிசர்ச், நோவெல் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1994 ஜூலையில், மான்டரேயில் ஏற்பட்ட தலைக்காயத்தால் கில்டால் இறந்தார். வயது 52.

20 ஆண்டுகள் கழித்து, 2014-ல், கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் சிபி/எம் மூலநிரலின் ஆரம்பகாலப் பதிப்புகளை வணிகம் சாராத பயன்பாட்டுக்கு வெளியிட்டது. இன்று விரல் நீள இ.எஸ்.பி.32 போர்டில், ஃப்ளாப்பிக்குப் பதில் மெமரி கார்டை வைத்து ஆர்வலர்கள் சிபி/எம்-ஐ ஓட்டுகிறார்கள். ஐபிஎம் வாய்ப்பு கைநழுவியதை வைத்தே கில்டாலைத் தோற்றவர் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனா அவர் வைத்த பயாஸ் என்ற பெயர், உலகமெங்கும் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர்களின் வாயில் இன்னமும் தினமும் புழங்குகிறது.