தகப்பனில்லாப் பிள்ளைகளின் தகப்பன்: புனித ஜான் போஸ்கோ

யூபிலி ஆண்டில் ஒரு புனிதரின் வரலாற்றை எழுத வேண்டும் என்றபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் ஜான் போஸ்கோ. அவரது படம் இல்லாத கத்தோலிக்கப் பள்ளி நம் பக்கத்தில் அரிது. ஆயினும் அவர் தகப்பனில்லாப் பிள்ளை என்பதையும், போர் ஓய்ந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலையும் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் நமக்கு, வீட்டுத் தலைவர் திடீரென்று போய்விட்டால் மூத்த பையன் என்ன ஆவான் என்பது தெரியாத சங்கதியன்று. அதனால்தான் அவரது வாழ்வின் அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூ போர்க்களத்தில் நெப்போலியன் வீழ்ந்தான். இரண்டு மாதங்கூட ஆகுமுன், ஆகஸ்டு 16-ஆம் நாள், வட இத்தாலியில் பியட்மாண்ட் நாட்டின் பெக்கி என்ற சிற்றூரில் ஜான் பிறந்தார். பியட்மாண்ட் பல ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடு. அதன் வாலிபர்கள் நெப்போலியனின் படையில் சேர்க்கப்பட்டு ரஷ்யப் பனிவரை நடத்திச் செல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். போர் முடிந்ததும் பஞ்சம் வந்தது. 1815-ல் கிழக்கிந்தியத் தீவுகளில் தம்போரா எரிமலை வெடித்ததால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போயிற்று, விளைச்சல் கெட்டது. பட்டினியோடு தொற்றுக் காய்ச்சலும் பரவிற்று.

இந்த நாள்களில்தான் ஜானின் தந்தை பிரான்செஸ்கோ, வியர்க்க வியர்க்க வேலை செய்துவிட்டுக் குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கினார். சளிக்காய்ச்சல் கண்டு சில நாள்களில், 1817 மே மாதத்தில், தம் 33-ஆம் வயதில் இறந்தார். ஜானுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. பிற்காலத்தில் அவர் எழுதிய நினைவுக் குறிப்பில், தம் வாழ்வில் தாம் அறிந்த முதல் நினைவு அதுவே என்கிறார். எல்லாரும் அறையை விட்டு வெளியேறினர். குழந்தை அப்பா வராமல் வரமாட்டேன் என்றது. தாய் அழுதுகொண்டே கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். தாய் அழுததால் தானும் அழுதது. தந்தையைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது அவ்வளவே.

தாய் மார்கரீத் அம்மாளின் தலையில் குடும்பப் பாரம் விழுந்தது: வயது முதிர்ந்த மாமியார், வேலையாட்கள் இருவர் நீங்கலாக, மூத்தாள் மகன் அந்தோணி, தம் மக்கள் சூசையும் ஜானும். பணத்தோடு ஆளை அனுப்பியும் தானியம் கிடைக்காத ஒரு நாளில், அண்டை வீட்டாரிடமும் ஒன்றும் கிடைக்காமல், தொழுவத்திலிருந்த கன்றை அடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வசதியான இடத்திலிருந்து மறுமணப் பேச்சு வந்தது; பிள்ளைகளை ஒரு பாதுகாவலரிடம் விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. அம்மாள் மறுத்துவிட்டார்.

அந்தோணியைப் பற்றி ஒரு வார்த்தை. போஸ்கோ நாடகம் போடும் இடங்களிலெல்லாம் அவன் கம்பும் கையுமாக வரும் முரடன். தம்பியின் புத்தகத்தைப் பிடுங்கி எறிபவன். அவன் மூன்று வயதில் தாயையும், ஒன்பது வயதில் தந்தையையும் இழந்தவன் என்பதை நாடகக்காரர்கள் சொல்வதில்லை. அந்த வயதிலிருந்தே நிலம் அவன் தோளில் இருந்தது. தம்பி ஏட்டோடு உட்கார்ந்தால் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் செய்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரே சாவு ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளை எப்படி இரண்டு விதமாக ஆக்கிற்று என்பதை அங்கே காண்கிறோம்.

சண்டை முற்றவே, தாய் ஜானைப் பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு அனுப்பினார். மோலியா என்பவர் பண்ணையில் மாட்டுக்காரப் பையனாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். 1829 நவம்பரில் வீடு திரும்பியபோது, வழியில் கலோஸ்ஸோ என்ற முதிய குருவானவரைச் சந்தித்தார். கேட்ட பிரசங்கத்தை அப்படியே திருப்பிச் சொன்ன சிறுவனைக் கண்டு வியந்த அவர், லத்தீன் கற்பிக்க முன்வந்தார். ஜானுக்கு முதன்முறையாக ஒரு தகப்பன் கிடைத்தது போலாயிற்று. அது ஏறக்குறைய ஓராண்டே நீடித்தது. 1830 நவம்பரில் அந்தக் குரு பக்கவாதத்தில் வீழ்ந்து, பேச முடியாமல், பணப்பெட்டியின் சாவியை ஜான் கையில் கொடுத்துச் சைகை காட்டிவிட்டு இறந்தார். படிப்புக்கு வேண்டிய பணம் பெட்டியில் இருந்தது. உறவினர் வந்ததும் சாவியை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டான் சிறுவன். பணம் போனது அவனை அசைக்கவில்லை. அந்த மனிதர் போனதுதான் அவனை நெடுநாள் அழவைத்தது. இரண்டாம் முறை தகப்பனை இழந்தவன் அவன்.

அதன்பின் கியேரி நகரில் தையல் கடையிலும் காப்பிக் கடையிலும் வேலை செய்துகொண்டே படித்ததையும், குருமடம் சேர்ந்ததையும் விரிவாகச் சொல்ல இடமில்லை. 1841 ஜூன் 5-ல் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

குருவானவர் கஃபாஸோ அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரை, உடல் நலமும் அறிவும் உள்ள பையன்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தனர். விடுதலையாகிப் போனவர்களே மீண்டும் வந்தனர். காரணத்தை போஸ்கோ கண்டுகொண்டார்: வெளியே போனால் அவர்களுக்கென்று ஆள் இல்லை. கிராமத்தில் பிழைப்பற்று, கட்டட வேலை தேடித் தூரினுக்கு வந்த பையன்கள் அவர்கள். அதே ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாள் அன்று, பூசைக்கு உதவத் தெரியாத ஒரு பையனைக் கோயில் பிள்ளை அடித்து விரட்ட, போஸ்கோ அவனைக் கூப்பிடச் சொன்னார். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி, வயது பதினாறு, தாயுமில்லை, தந்தையுமில்லை, எழுதவும் படிக்கவும் பாடவும் தெரியாது. சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் அவன் சிரித்துவிட்டான். முதல் ஞானோபதேசம் அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

1846 உயிர்ப்பு ஞாயிறு அன்று வால்டோக்கோவில் ஒரு கொட்டகை கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் மார்கரீத் அம்மாளும் வந்து சேர்ந்தார். முதலில் தங்கவைத்த பையன்கள் போர்வைகளோடு கம்பி நீட்டினர். 1847-ல் மழையில் நனைந்து வந்த வேறொரு அநாதைச் சிறுவனுக்கு அம்மாள் சமையலறையிலேயே செங்கல்லும் பலகையும் வைத்துப் படுக்கை போட்டார். விடுதி அப்படித்தான் தோன்றிற்று. 1848-49-ல் ஆஸ்திரியாவோடு மீண்டும் போர் மூண்டு பியட்மாண்ட் தோற்றது. பையன்களுக்குப் போர் விளையாட்டைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை. போஸ்கோ அதைத் தடுக்காமல், பழைய படைவீரர் ஒருவரைக் கொண்டு அணிவகுப்புப் பழக்கினார். அந்த அமளியில் அம்மாளின் காய்கறித் தோட்டம் துவைபட்டுப் போயிற்று. ஊருக்கே போய்விடுகிறேன் என்றவரிடம் மகன் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். அம்மாள் தங்கிவிட்டார், 1856-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

சோறும் படுக்கையும் போதா என்று போஸ்கோ அறிந்திருந்தார். தகப்பன் இருந்தால் முதலாளியிடம் பேசுவான். இல்லாதவனுக்காகப் பேசுவது யார்? 1852-ல் ஒரு தச்சுப் பட்டறை முதலாளியோடு அவர் எழுதிய தொழில் பயிற்சி ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. பையனுக்குத் தொழிலைத்தான் கற்பிக்க வேண்டும், எடுபிடி வேலை வாங்கலாகாது. கண்டிப்பது வாயால் மட்டும், கையால் அன்று. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. கீழே போஸ்கோவின் கையெழுத்து. நம் பட்டறைகளிலும் வாடகை லாரிகளிலும் வேலைக்கு நிற்கும் சிறுவர்களை நினைக்கையில் இந்தக் காகிதம் எந்தப் புதுமையையும்விட நமக்குப் பெரிதாகப் படுகிறது.

1857-ல் கார்மஞோலா ரயில் நிலையத்தில் மூடுபனிக்குள் பையன் கூட்டத்துக்குத் தளபதியாக நின்ற மைக்கேல் மகோனே தந்தையற்றவன். தாய் கூலி வேலைக்குப் போனாள். விடுதிக்கு வந்து சில வாரம் எல்லாரையும் சிரிக்கவைத்தவன், பிறகு தனியே ஒதுங்கி அழுதான். போஸ்கோ பொறுமையோடு பின்தொடர்ந்து நெருங்கி அவன் மனத்தைத் திறக்கவைத்தார். 1859 ஜனவரியில் அவன் நோயுற்று இறந்தான். அவனது வரலாற்றை போஸ்கோவே எழுதினார்.

மைக்கேல் ரூவா வேறு மாதிரி. ஆயுதத் தொழிற்சாலை ஊழியரின் மகன்; 1845-ல் எட்டு வயதில் தந்தையை இழந்தவன்; அமைதியானவன். கொடுக்க ஒன்றும் மிஞ்சாத ஒரு நாளில் போஸ்கோ தம் இடக்கையை நீட்டி, வலக்கையால் அதைப் பாதியாக வெட்டுவதுபோல் காட்டினார். எல்லாவற்றிலும் இருவரும் பாதிப்பாதி என்பது அதன் பொருள் என்று பிற்பாடுதான் விளங்கிற்று. 1888 ஜனவரி 31-ல் போஸ்கோ மரித்தபோது சலேசிய சபையின் பொறுப்பு ரூவா கையில் வந்தது.

அந்த ரூவா அனுப்பிய முதல் சலேசியர்கள்தான் 1906 ஜனவரியில் தஞ்சாவூரில் வந்திறங்கினர். பின்னாளில் நம் வட சென்னைக்கும் அந்தச் சபையார் வந்தனர். பர்மாவை 1942-ல் ஜப்பானியர் தாக்கியபோது நம் தமிழர் காடும் மலையும் கால்நடையாய்க் கடந்ததும், வழியிலேயே பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் தனியே வந்ததும் பழைய தலைமுறை அறிந்தது. 1964 முதல் கப்பல் கப்பலாக வந்திறங்கியவர்களில் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். அந்த வியாசர்பாடியில்தான் இத்தாலியரான அருட்தந்தை மாந்தோவானி ஏழைகளுக்குச் சோறும் மருந்தும் பள்ளியும் நடத்தி, 1967-ல் இறந்தார். அவர் தொடங்கிய இல்லம் இன்றும் அங்கே நடக்கிறது. நம் கோயில் வாசலிலிருந்து பஸ் ஏறினால் தொலைவில்லை.