சார்லஸ் மிச்சி ஸ்மித்

சார்லஸ் மிச்சி ஸ்மித் (1854 - 1922) தமிழ்நாட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து நாட்டு இயற்பியலாளரும் வானியலாளரும் ஆவார். கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவி, அதன் முதல் இயக்குநராக 1911 வரை இருந்தவர். 1883 ஆம் ஆண்டு கிரகடோவா எரிமலை வெடித்தபின் தென்னிந்திய வானில் தோன்றிய பச்சை நிறச் சூரியனை நிறமாலைக் காட்டியின் துணையுடன் ஆராய்ந்தவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

பிறப்பும் குடும்பமும்

மிச்சி ஸ்மித் ஸ்காட்லாந்தின் அபர்தீன்சயர் பகுதியிலுள்ள கீக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வில்லியம் பிரி ஸ்மித் கிறித்தவச் சமய குரு. பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்பின் ஆசிரியர்களுள் ஒருவரும் விவிலிய ஆய்வாளருமான வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் (1846 - 1894) இவருடைய தமையனார். விவிலியம் பற்றிய தம் கட்டுரைகளால் எழுந்த சமய வழக்கின் முடிவில், தமையனார் 1881 இல் தம் பேராசிரியர் பதவியை இழந்தார்.

சென்னையில்

1870களின் பிற்பகுதியில் மிச்சி ஸ்மித் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது கல்லூரி சென்னை நகரின் ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்தது. தாம்பரத்திற்கு மாறியது 1937 இல்தான். 1876 - 78 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். பருவமழை ஏன் பொய்க்கிறது, அதை முன்கூட்டியே அறிய இயலுமா என்பன அக்காலத்தில் உயிர்ப்பிரச்சினைகளாக இருந்தன. சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதற்கும் மழையளவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில அறிவியலாளர்கள் கருதினர். மிச்சி ஸ்மித்தின் பிற்காலப் பணியின் திசையைத் தீர்மானித்தது இக்கேள்வியே.

பச்சைச் சூரியன்

சுமத்திரா, சாவகத் தீவுகளுக்கு இடையே அமைந்த கிரகடோவா எரிமலை ஆகஸ்ட் 27, 1883 அன்று பெரும் வெடிப்புக்கு உள்ளானது. அதனால் எழுந்த ஆழிப்பேரலையில் 36,000 பேருக்கு மேல் மாண்டனர். நாகப்பட்டினம், சென்னை ஆகிய இடங்களின் அலைமானிகளிலும் கடல்மட்ட மாற்றம் பதிவானது. வெடிப்பில் மேலெழுந்த தூசும் வளிமங்களும் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் வெப்பமண்டலத்தை ஒட்டி உலகைச் சுற்றி வந்தன.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காலையிலும் மாலையிலும் சூரியன் பச்சை நிறமாகவோ நீல நிறமாகவோ காணப்பட்டது. மக்கள் அச்சமும் வியப்பும் அடைந்தனர். மிச்சி ஸ்மித் சென்னையில் இச்சூரியனின் ஒளியை நிறமாலைக் காட்டியால் ஆராய்ந்தார். நிறமாலையின் சிவப்புப் பகுதி பெரிதும் உறிஞ்சப்பட்டிருந்ததையும், நீராவிக்குரிய பட்டைகள் வலுவாக இருந்ததையும் குறித்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் இந்நிகழ்வைப் பதிவு செய்தார். ஏறத்தாழ ஒரே அளவுள்ள மிக நுண்ணிய துகள்கள் பச்சை, நீல ஒளியைவிடச் சிவப்பொளியை மிகுதியாகச் சிதறடிப்பதால் இந்நிறம் தோன்றுகிறது என்பது இன்றைய விளக்கமாகும்.

1888 இல் ஜப்பானின் பந்தாய் எரிமலை வெடித்தது பற்றியும் மிச்சி ஸ்மித் கட்டுரை எழுதினார். எடின்பரோ ராயல் கழகம் அதனை வெளியிட்டது.

கோடைக்கானல் ஆய்வகம்

சென்னையின் ஈரப்பதமான காற்று சூரிய ஆய்வுக்கு ஏற்றதாக இல்லை. எனவே மலைப்பகுதியில் புதிய ஆய்வகம் அமைக்கும் கருத்து எழுந்தது. 1883 - 85 ஆண்டுகளில் மிச்சி ஸ்மித் நீலகிரி, பழனி மலைகளில் வானின் தெளிவையும் தோற்ற நிலைத்தன்மையையும் ஆராய்ந்தார். 1891 இல் போக்சன் மறைந்ததும் அரசு வானியலாளராக நியமிக்கப்பட்டார். 1893 இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைக்க முடிவாயிற்று. 1895 இல் மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார்.

1899 இல் சென்னையிலிருந்து வானியல் பணிகள் கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் உள்ளது. இன்று திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கோடைக்கானல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. பரமக்குடியை உள்ளடக்கிய இராமநாதபுரம் சமீன் பகுதியும் அதே மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். இராமநாதபுரம் மாவட்டம் 1910 இல்தான் உருவாக்கப்பட்டது.

1901 இல் சூரிய நோக்கல்கள் தொடங்கின. சூரியனைக் குறிப்பிட்ட ஓர் அலைநீள ஒளியில் மட்டும் படம் பிடிக்கும் கருவி கேம்பிரிட்ஜிலிருந்து வரவழைக்கப்பட்டது. நிலநடுக்கப் பதிவுக் கருவியும் புவிக்காந்தக் கருவிகளும் இவர் காலத்திலேயே கோடைக்கானலில் இயங்கின. 1907 இல் ஜான் எவர்செட் துணை இயக்குநராகச் சேர்ந்தார். 1909 சனவரியில் அவர் சூரியப் புள்ளியின் புறப்பகுதியில் வளிமங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இது எவர்செட் விளைவு எனப்படுகிறது.

துருவ ஒளியும் சூரிய ஆய்வும்

எரிமலைத் தூசு வானின் நிறத்தை மாற்றுவது போலவே, சூரியனும் புவியின் இரவு வானுக்கு நிறம் ஊட்டுகிறது. ஐஸ்லாந்து போன்ற வட நாடுகளில் எரிமலைகளுக்கு மேலே பச்சைத் திரை போல் அசையும் துருவ ஒளி, சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களின் தாக்கத்தால் உண்டாவது. புவிக்காந்தப் புலத்தால் வழிநடத்தப்படும் துகள்கள் ஆக்சிஜன் அணுக்களுடன் மோதும்போது பச்சை, சிவப்பு நிறங்களும், நைட்ரஜனுடன் மோதும்போது நீலம், ஊதா நிறங்களும் தோன்றுகின்றன.

தென் தமிழகம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பரமக்குடியிலோ கோடைக்கானலிலோ இவ்வொளியைக் காண இயலாது. எனினும் கடும் சூரியப் புயல்களின்போது அது வழக்கத்தைவிடத் தெற்கே தென்படும். பிப்ரவரி 4, 1872 அன்று மும்பையில் துருவ ஒளி காணப்பட்டதாகப் பதிவு உள்ளது. மிச்சி ஸ்மித் இயக்குநராக இருந்த காலத்தில், செப்டம்பர் 25, 1909 அன்று வீசிய காந்தப் புயல் உலகின் பல பகுதிகளில் தந்தித் தொடர்பைக் குலைத்தது. மே 2024 இல் ஏற்பட்ட பெரும் புயலின்போது லடாக்கின் ஹான்லே வானாய்வகத்திலிருந்து வானில் செந்நிற ஒளி படம் பிடிக்கப்பட்டது. ஹான்லே, கோடைக்கானல் ஆகிய இரு ஆய்வகங்களும் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன.

இறுதிக் காலம்

1910 இல் இவருக்கு சி. ஐ. இ. என்னும் அரசுப் பட்டம் வழங்கப்பட்டது. 1911 இல் ஓய்வு பெற்று, பொறுப்பை எவர்செட்டிடம் ஒப்படைத்தார். தாய்நாட்டுக்குத் திரும்பாமல் கோடைக்கானலிலேயே வாழ்ந்து 1922 இல் அங்கேயே காலமானார்.

மதிப்பீடு

சூரியப் புள்ளிகளைக் கொண்டு பஞ்சத்தை முன்னறிவிக்கலாம் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. பருவமழை பல காரணிகளைச் சார்ந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் அந்நம்பிக்கையில் தொடங்கப்பட்ட நாள்தோறுமான சூரியப் படப்பதிவு நூறாண்டுகளைக் கடந்து, உலகின் மிக நீண்ட சூரியப் பதிவுத் தொகுப்புகளுள் ஒன்றாக விளங்குகிறது. இப்படங்கள் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. செயற்கைக்கோள்களையும் மின்வழங்கல் அமைப்புகளையும் பாதிக்கக்கூடிய சூரியப் புயல்களின் நீண்டகாலப் போக்கை அறிய ஆய்வாளர்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.